அலமாரியில் பூட்டிய கடப்பிதழ்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. தோட்டப்புறத்தில் அந்நியத் தொழிலாளர்கள் பெருகிவிட்டார்கள், சந்தைக்குப் போனாலும் கிளினிக்குக்குப் போனாலும் அவர்கள் முகம்தான், கோவில் திருவிழாவில்கூட வந்து நிற்கிறார்கள், இவர்களையெல்லாம் ஓர் எல்லைக்குள் அடைத்து வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். 'அடைத்து வைக்க வேண்டும்' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் ஊரிலும் பாதிப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள், நானும் பல வருடம் அப்படிப் பேசினவன்தான், பேசியது மட்டுமில்லை, செய்தவனும்கூட. அதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

எங்கள் ஊர் கெடாவில், கூலிம் மாவட்டத்து பாடாங் செராய் பக்கம். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, 31 வருடம் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக இருந்து, ஆள் வருகையும் கூலியும் பதியும் செக்ரோல் எழுதினேன். நான் சேர்ந்தபோது கித்தா (ரப்பர்) மரம், வெளியே வரும்போது எல்லாம் செம்பனை. சேர்ந்தபோது செக்ரோலில் இருந்ததெல்லாம் தமிழ்ப் பெயர்கள், வெளியே வரும்போது பத்துக்கு எட்டு வங்காளதேசத்து, இந்தோனேசிய, நேப்பாளப் பெயர்கள். அந்தப் பெயர்களை எழுதவே எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

என் அறையில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதன் கீழ்த்தட்டில்தான் தொழிலாளர்களின் கடப்பிதழ்கள், அதாவது பாஸ்போர்ட்டுகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் நாட்டின் பெயரை எழுதிச் செருகி வைத்திருப்பேன். சாவி என்னிடம். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வாங்கி வைக்கிறோம் என்று எல்லாரும் சொல்வோம். ஒரு நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் வங்காளதேசப் பையன் ஒருவன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும், வேலைக்குப் போகாமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். அப்பா இறந்துவிட்டார் என்று கைபேசியை நீட்டினான். அதில் வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உடல், பக்கத்தில் நாலைந்து பேர். அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று அவனுக்கே தெரியும், அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றான். நிர்வாகி அனுமதி இல்லாமல் கடப்பிதழைக் கொடுக்கக் கூடாது, அவர் கோலாலம்பூரில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் பார்க்கலாம் என்று சொன்னேன். நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அவன் வெளிக்காட்டுக்குப் போய்க் குலை வெட்டினான், சாயங்காலம் வந்து அலுவலகக் கதவோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். ஐந்தாம் நாள் நிர்வாகி வந்து, "விட்டால் திரும்பி வர மாட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அந்த அலமாரியைத் திறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோவில் திருப்பலியில் முதல் வாசகம் வாசித்தது நான்.

அடுத்தவருடைய கடப்பிதழை உரிய அதிகாரம் இல்லாமல் பிடித்து வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். எனக்கு இது அப்போதே தெரியும். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது, அதில் அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைப்பது ஒன்று, சம்பளத்தை நிறுத்தி வைப்பது ஒன்று, கடனில் கட்டிப் போடுவது இன்னொன்று. 2020இல் நம் நாட்டின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெய்யை அமெரிக்கச் சுங்கத்துறை உள்ளே விடாமல் தடுத்ததே, அது இந்த மாதிரி அடையாளங்களை வைத்துத்தான். அப்புறம்தான் பல இடங்களில் தொழிலாளியே சாவி வைத்துக்கொள்ளும்படி சின்னச் சின்னப் பெட்டிகள் வந்தன. கப்பல் நின்ற பிறகு திறந்த அலமாரி, ஒரு பையன் வந்து அழுதபோது திறக்கவில்லை என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இதுவரை அந்தப் பையனை 'அவன்', 'நின்றான்', 'போனான்' என்றே எழுதிவிட்டேன், கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்று எழுதவில்லை, கை அப்படித்தான் பழகியிருக்கிறது. நம் தமிழில் ஒருவரை மதிக்கிறோமா இல்லையா என்பது வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே தெரிந்துவிடும். வங்கி அதிகாரி வந்தார், தவுக்கே (சீன முதலாளி) வந்தார், பங்களாதேசி வந்தான். எங்கள் பாட்டி சொல்லும், பெரட்டுக் களத்தில் துரை மட்டுமில்லை, நம் தமிழ்க் கிராணியும் வேலை வாங்கும் மண்டோரும்கூடத் தாத்தாவை 'வாடா போடா' என்றுதான் கூப்பிடுவார்களாம், தாத்தாவுக்கு அப்போது ஐம்பது வயது. பாட்டிக்கு அந்த நாளின் கூலி எவ்வளவு என்பது மறந்துவிட்டது, அந்த 'டா' மட்டும் மறக்கவே இல்லை. இனி இந்தக் கடிதத்தில் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலை நிறுத்தம் செய்தது உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். பட்டாளம் வந்தது, சுட்டது, உயிர்கள் போயின. அன்று அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது, அதோடு துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. சைக்கிளை விட்டு இறங்குவதால் காசு ஒன்றும் குறையாது, கால் வலிக்காது. ஆனாலும் சம்பளத்துக்குச் சமமாக அதைக் கேட்டார்கள். மனித மாண்பு என்று திருச்சபை சொல்வது என்ன என்று மறைக்கல்விப் பிள்ளைகள் கேட்டால் நான் இப்போதெல்லாம் அந்தச் சைக்கிளைத்தான் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

சரி, கோவில் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் சிற்றாலயத்துக்கு ஒன்றரை வருடமாக ஒருவர் வருகிறார். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவைச் சேர்ந்தவர், அந்தத் தீவில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் திருப்பலி எந்த மொழியில் நடந்தாலும் எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும், எந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று தெரியுமே, அப்படிப் பின்பற்றுவார். 'விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று நாம் பாட, அவர் அவருடைய மொழியில் உதட்டுக்குள் சொல்வார். உள்ளே இடம் இருந்தும் முதல் நான்கைந்து மாதம் வெளியே சொரூபம் வைத்த கெபிக்குப் பக்கத்தில்தான் நின்றார். பாதத்தை வெளியே ஒரு துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், செம்மண் கறை தரையில் பட்டுவிடக் கூடாதாம்.

திருப்பலி முடிந்ததும் எங்களுக்குத் தேநீர் உண்டு, அன்பியக் குடும்பங்கள் முறை வைத்துக் கொண்டுவருவார்கள், சில வாரம் வடை, சில வாரம் மீ (நூடுல்ஸ்). கண்ணாடிக் கோப்பைகள் மேசையில் வரிசையாக இருக்கும். ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி மேசைப் பக்கம் வந்தபோது எங்களில் ஒரு அம்மா, நல்ல அம்மா, நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர், "அந்தப் பையனுக்குப் பையில ஊத்திக் கட்டிக் குடுத்துடுங்க" என்றார். பிளாஸ்டிக் பையில் தேநீரை ஊற்றி, ஸ்ட்ராவைச் செருகி, வாயைச் சுருக்குப் போட்டு நீட்டினார்கள். ஒட்டுக்கடையில் நாம் எல்லாரும் அப்படித்தான் வாங்கிப் போகிறோம், அதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். மேசையில் கோப்பை ஏழெட்டு மிச்சம் இருந்தது. நமக்குக் கோப்பை, அவருக்குப் பை. அவர் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி, வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து குடித்தார்.

இரட்டைக் குவளை என்றால் என்னவென்று தமிழர்களுக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்த ஊர்கள் உண்டு, செத்த பிறகும் ஒன்றாகப் படுக்கவிடாத சுவர். அந்த நிலத்திலிருந்து, அந்த மாதிரி குவளைகளை விட்டுக் கப்பல் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் கையால் அந்தப் பையைச் சுருக்குப் போட எப்படி மனம் வந்தது என்று நான் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் நானே ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். மலாயில் பேசினோம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில், மூன்று வருடமாகப் பார்க்கவில்லை. இப்போது உள்ளே, இடதுபக்கம் கடைசி வரிசையில் உட்காருகிறார்.

பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் உரிமை பற்றிய சுற்றுமடலை எழுதியது 1891 மே 15. அந்தக் காலத்தில் இங்கே, இன்றைக்கு செபராங் பிறை என்று சொல்கிற, அன்றைய வெல்லஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களில் நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தார்கள். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், பிடித்து உள்ளே போடுவார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது, ஊருக்குப் போய் ஆள் பிடித்து வரும் கங்காணி முறை 1938 வரை இருந்தது. இன்றைக்கு முதலாளியை விட்டுப் போகிற அந்நியத் தொழிலாளியை 'ஓடிப்போனவன்' என்று நாம் சொல்கிறோம், அவருடைய பெர்மிட் போய்விடுகிறது, ஒரே இரவில் குற்றவாளி ஆகிவிடுகிறார். ஏன் ஓடினார், சம்பளம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கங்காணி கொடுத்த முன்பணத்துக்கும் இன்றைக்கு ஏஜெண்டுக்குக் கட்டுகிற கடனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதே லைன் வீடுகள், அதே பெரட்டு நேரம்.

அந்தச் சுற்றுமடல் என்ன சொல்கிறது என்றால், தொழிலாளியும் முதலாளியும் மனமொத்துப் பேசி முடித்த கூலியாகவே இருக்கட்டும், அது ஒரு மனிதன் ஒழுங்காகப் பிழைக்கப் போதாது என்றால் அது நியாயமான கூலி இல்லை என்கிறது. பசியில் இருக்கிறவன் எதற்கும் தலையாட்டுவான், அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிலாளர்கள் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமையையும் அதே மடல் சொல்கிறது. நம் நாட்டில் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் வந்தது, அதற்கு 63 வருடம் முன்பே உரோமையிலிருந்து ஒருவர் எழுதிவிட்டார். பிறகு 1981இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், போர்க்காலத்தில் கல் குவாரியிலும் இரசாயன ஆலையிலும் வேலை செய்தவர், வேலை மனிதனுக்காக, மனிதன் வேலைக்காக இல்லை என்று எழுதினார். இப்போதைய திருத்தந்தை 2025 மே மாதம் பொறுப்புக்கு வந்ததும் பதினான்காம் லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பழைய லியோவின் மடலை நினைத்துத்தான் இந்தப் பெயர் என்று கர்தினால்களிடம் சொன்னார். இயந்திரமே யோசிக்கிற காலம் வருகிறது, அதில் தொழிலாளியின் மாண்பு என்ன ஆகும் என்பது அவருடைய கவலை. கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் ஷிப்டு வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கவலை இல்லை.

இதையெல்லாம் படிக்காமலேயே எங்கள் பாட்டிக்கு ஒன்று தெரியும். பழைய ஞானோபதேசத்தில், வானத்தை நோக்கிக் கூப்பாடு போடும் பாவங்கள் என்று சில உண்டு. கொலைக்கு அடுத்த மாதிரி அந்த வரிசையிலேயே வருகிறது, கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைப்பது. இன்றைய மறைக்கல்வி நூலிலும் இருக்கிறது, அந்நியன், விதவை, அனாதை இவர்களின் அழுகுரலும் அதே பட்டியலில் இருக்கிறது. அப்படியென்றால் அந்நியத் தொழிலாளியின் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் இரண்டு கூப்பாடு. யாக்கோபு தம் திருமுகத்தில், வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காத கூலியே கத்துகிறது என்கிறார், ஆள் மட்டுமில்லை, கொடுக்காத அந்தப் பணமே கத்துகிறதாம். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, வியர்வை காயுமுன் கூலியைக் கொடு என்று எங்கள் நபியும் சொல்லியிருக்கிறார் என்றார்.

திராட்சைத் தோட்டத்து உவமையை மறையுரைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த தோட்டக்காரர். எல்லாரும் அந்தத் தோட்டக்காரரின் தாராளத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு மட்டும் கண் வேறு ஓர் ஆள்மேல் போகும். சாயங்காலம் ஆனதும் தோட்டக்காரர் தம் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, ஆட்களை அழைத்துக் கூலியைக் கொடு என்கிறார். அந்த மேற்பார்வையாளர்தான் கிராணி. வந்தவர் எந்த ஊர், எத்தனை மணிக்கு வந்தார் என்றெல்லாம் பார்த்து அவர் பிடித்தம் செய்யவில்லை, அன்றைக்கே கொடுத்துவிட்டார். நான் 31 வருடத்தில் எத்தனை பேருக்கு எத்தனை நாளைத் 'தள்ளி' வைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பகுதியில் ஒரு காண்ட்ராக்டர் இருக்கிறார். நம் இனம், நம் சபை, திருவிழாவுக்குக் கூடாரம் போட்டுக் கொடுப்பவர். அவரிடம் உரம் போட, புல் வெட்ட, உதிரிப் பழம் பொறுக்க என்று ஏழு பேர். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, மில்லிலிருந்து தமக்குப் பணம் வரவில்லை என்று காரணம். மூவருடைய கடப்பிதழ் அவர் வீட்டில். போய்ப் பேசினோம், பங்குத்தந்தையும் வந்தார். "அவனுங்களுக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டுதானே இருக்கேன் ஃபாதர்" என்றார். சாப்பாடு போட்டால் போதும் என்றால் துரையும் அன்றைக்கு அரிசி கொடுத்தாரே. அன்று ஒரு மாதப் பாக்கியைத் தீர்த்தார், மீதி இன்னும் நிற்கிறது. அவரைத் திட்டி ஆவதில்லை. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே பெரட்டில் நின்றவர்கள்.

உங்கள் பத்திரிகையைக் காண்ட்ராக்டர்களும் படிக்கிறார்கள், தொழிலாளர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களும் படிக்கிறார்கள், அதனால் சட்டத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும், அது அந்நியத் தொழிலாளிக்கும் பொருந்தும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), 2025 ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சின்ன முதலாளிக்கும் அதுதான். 2019 ஜனவரியிலிருந்து சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு. நீளக் கழியில் கட்டிய அரிவாள் வழுக்கிக் காலில் விழுந்தால் மருந்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கிக் கொடுத்து லைனுக்கு அனுப்பிவிடக் கூடாது. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், கொடுக்க மொழி தெரியவில்லை என்றால் கூடப் போகலாம், அரை நாள் வேலைதான்.

நம் பிள்ளைகளின் வேலையை இவர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று உங்கள் வாசகர் எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டும், அது வெறும் வெறுப்பில் எழுதியது இல்லை, அதில் வலி இருக்கிறது. கித்தா போய்ச் செம்பனை வந்தபோது, தோட்டங்கள் தாமான்களாக (குடியிருப்புப் பகுதிகளாக) மாறியபோது, நம் குடும்பங்களை லைன் வீட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள், மாற்று வீடு இல்லை, நிலம் இல்லை. உண்மைதான். ஆனால் செக்ரோல் எழுதியவன் சொல்கிறேன், அந்தக் கணக்கைப் போட்டது வங்காளதேசத்திலிருந்து வந்தவர் இல்லை. குறைந்த கூலிக்கு, குறைந்த வீட்டில், எதிர்த்துப் பேச முடியாத ஆள் கிடைக்கிறார் என்பதால்தான் சம்பளம் ஏறாமல் கிடந்தது. அவருக்கும் அதே சம்பளம், அதே வீடு, அதே பாதுகாப்பு என்று ஆகிவிட்டால் ஆளை மாற்றுவதில் முதலாளிக்கு லாபம் இல்லை, அப்போதுதான் நம் பையன்களும் அந்த வேலையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவரை மிதிப்பதால் நமக்கு ஒரு வெள்ளி ஏறாது. அப்புறம் 1969இல் வேலை பெர்மிட் இல்லை என்று நம்மில் எத்தனை ஆயிரம் பேர் இந்தியாவுக்குப் போகிற ரஜூலா கப்பலில் ஏற வேண்டி வந்தது, பினாங்குத் துறைமுகத்தில் என் பெரியம்மா குடும்பம் கையசைத்ததை அம்மா சாகும்வரை சொல்லி அழுதார். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இன்னும் காத்திருக்கிற கிழவிகள் நம் தாமானிலேயே இருக்கிறார்கள். காகிதம் இல்லாதவர் பாதி மனிதர் என்று நாம் ஒப்புக்கொண்டால் அந்தக் கிழவிகளை எங்கே வைப்பது?

2024இல் வத்திக்கான் மனித மாண்பைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. ஒருவருடைய மாண்பு அவர் செய்கிற வேலையாலோ கையில் உள்ள பத்திரத்தாலோ உடல் நிலையாலோ வருவதில்லை, அவர் மனிதர் என்பதாலேயே இருக்கிறது, அதை எடுக்க யாராலும் முடியாது என்பது அதன் சாரம். பிறக்காத குழந்தை, படுக்கையில் கிடக்கும் பெரியவர், ஊனமுற்றவர், அகதி, ஆள்கடத்தலில் சிக்கியவர், எல்லாரையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நம்மில் சிலர் கருக்கலைப்பு என்றால் மட்டும் குரல் கொடுக்கிறோம், வேறு சிலர் கூலி என்றால் மட்டும். வேர் ஒன்றுதானே. இணையத்தில் நடக்கும் வன்முறையையும் அது பேசுகிறது, அதை வாசித்தபோது எனக்கு டிக்டாக் நினைவு வந்தது. குடிநுழைவுத் துறையினர் நடுராத்திரியில் தொழிலாளர்கள் தங்கும் கொங்சி வீட்டைச் சோதனை போடும் காணொலி, கூரைமேல் ஏறி ஒளிந்த ஒருவரை டார்ச் அடித்துக் காட்டுகிறார்கள், கீழே தமிழில் சிரிப்புப் படங்கள், 'எலி மாட்டிக்கிச்சு' என்று எழுதியிருப்பவர் என் மறைக்கல்வி வகுப்பில் படித்த பையன். கைதுக்கு எதிராக நான் பேசவில்லை, சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். ஆனால் கூரைமேல் இருந்தவர் எலி இல்லை. அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன், என் அலமாரிக் கதையையும் சொன்னேன். அவன் அதை அழித்துவிட்டான்.

திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பி ஓடியதை நாம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வாசிக்கிறோம். புலம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தக் குடும்பமே முன்மாதிரி என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1952இலேயே எழுதினார். எகிப்தில் யோசேப்பு தச்சு வேலை கேட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டினார், அந்த வீட்டுக்காரர் அவரை எப்படிக் கூப்பிட்டார் என்பது வேதத்தில் இல்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

எங்கள் பங்கில் இப்போது சில காரியங்கள் தொடங்கியிருக்கிறோம். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு ஒரு மணி நேரம் இரண்டு பேர் மேசை போட்டு உட்காருகிறோம், சம்பளச் சீட்டைப் பார்த்துச் சரியா என்று சொல்ல, படிவம் நிரப்பிக் கொடுக்க, தொழிலாளர் இலாகாவுக்குக் கூடப் போக. எந்த மதம் என்று கேட்பதில்லை, வருகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் தொழிலாளர்கள்தான். மன்றாட்டு ஒன்று இந்தோனேசிய மொழியில் சேர்த்திருக்கிறோம், அதை அந்தப் புளோரஸ்காரரே வாசிக்கிறார், முதல் வாரம் அவர் குரல் நடுங்கியது. கோப்பைகள் இன்னும் இரண்டு டஜன் வாங்கியாயிற்று, அந்த அம்மாதான் வாங்கி வந்தார். மற்ற ஊர்ப் பங்குகளும், கோவில் குழுக்களும், சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) பெரியவர்களும் இதைவிட நன்றாகச் செய்யலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலம் எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஜூலை 26 திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், நம் இந்துச் சகோதரர்கள் எவ்வளவு பேர் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. அந்தப் புளோரஸ்காரர் ஊரிலிருந்து புறப்படும்போது அவருடைய அம்மா, மலேசியா போய்ச் சேர்ந்ததும் அன்னம்மாள் கோவிலுக்குப் போ என்று சொல்லி அனுப்பினாராம். மூன்று வருடமாகப் போகவில்லை. அவரிடம் இருப்பது கடப்பிதழின் நகல், மடித்து மடித்து எழுத்து அழிந்த ஒரே காகிதம். வழியில் சோதனை என்றால் அந்தக் காகிதத்தை நம்பி இறங்க அவருக்குப் பயம். அசல் அவருடைய காண்ட்ராக்டரின் வீட்டில் இருக்கிறது.

வரும் திருவிழாவுக்கு எங்கள் சிற்றாலயத்திலிருந்து வேன் போகிறது. அதில் ஏழு இடம் தோட்டத்து அந்நியத் தொழிலாளர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம், கட்டணம் இல்லை. இதைப் படிக்கிற முதலாளிமார்களும் காண்ட்ராக்டர்களும் அலுவலகத்தில் சாவி வைத்திருக்கிற கிராணிகளும் அதற்கு முன்னால் அந்தக் கடப்பிதழ்களை உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். வேன் சாயங்காலம் நான்கு மணிக்குப் புறப்படும், ஏழு பேரும் வந்து ஏறும்வரை நிற்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
பாடாங் செராய், கெடா.